ஒருவன் வெட்டினால் ஊரே பதில் சொல்ல வேண்டுமா?

திருபுவனம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பட்டுப்புடவைக்கும் கம்பகரேசுவரர் கோயிலுக்கும் பேர்போன ஊர். 2019 பிப்ரவரியில் அங்கே ஒரு கொலை நடந்தது. மதப் பிரச்சாரத்துக்கு வந்தவர்களோடு பாமக பிரமுகர் ஒருவர் வாக்குவாதம் செய்தார், அன்று இரவே வீடு திரும்பும் வழியில் அவரை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்த வாக்குவாதத்தின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. கைக்குப் போனது, அதே வருடம் ஆகஸ்டில் 18 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதில் பேர் அடிபட்ட பாப்புலர் ஃப்ரண்ட் என்ற முஸ்லிம் அமைப்பை மத்திய அரசு 2022 செப்டம்பரில் ஐந்து வருடத்துக்குத் தடை செய்தது.

அவர் பேசியது சரியா தப்பா என்பது எனக்கு இங்கே இரண்டாம்பட்சம். நடுத்தெருவில் ஒருவர் தன் கருத்தைச் சொல்கிறார், கேட்கிறவருக்குக் கோபம் வருகிறது, பதிலுக்கு அவரும் பேசலாம், கத்தலாம், போலீசுக்குப் போகலாம். அரிவாளை எடுத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாரம் சில பேர் சுற்றி வளைத்துத்தான் பேசினார்கள், அது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்துத் தையல் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். பேண்ட் தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தர், பல வருடப் பழக்கம், மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டார்: "என்ன பாய், உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்களே?" பெரியவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார், "தம்பி, அவனுவ யாருன்னே எனக்குத் தெரியாது. நான் என்னத்தச் சொல்ல?" வந்தவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு இடுப்பளவைச் சொன்னார். வேலை முடிந்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு விசாரணையும் நடந்து முடிந்திருந்தது.

இந்த இரண்டு விஷயமும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம். அரிவாள் எடுத்தவன் தன்னை ஒரு மதத்தின் மொத்தக் குத்தகைக்காரனாக நினைக்கிறான்: என் மதத்தைச் சொன்னாய், அதனால் நான் வெட்டுகிறேன். தையல்காரரிடம் கேட்டவரும் தன்னை அறியாமல் அதை ஒப்புக்கொள்கிறார்: ஆமாம், அவன் உங்கள் ஆள்தான், உங்களுக்காகத்தான் வெட்டினான். யாரும் கொடுக்காத அந்த அதிகாரப்பத்திரத்தில் வெளியே இருக்கிற நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்.

உண்மையில் தீவிரவாதியிடம் முதலில் அடி வாங்குகிறவர் பெரும்பாலும் அவனுடைய மதத்துக்காரர். மார்க்கத்தைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிய, திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரை 2017 மார்ச்சில் கோவையில் வெட்டிக் கொன்றார்கள். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று குண்டு வைத்த கும்பலின் தலைவன், அதற்கு இரண்டு வருடம் முன்பு காத்தான்குடியில் சூஃபி வழியில் போகும் முஸ்லிம்களோடு மோதிவிட்டுத் தலைமறைவானவன். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முதலில் புகார் சொன்னவர்களும் அங்கிருந்த முஸ்லிம்கள்தான், கேட்கத்தான் ஆளில்லை. பாரிசில் 2015 ஜனவரியில் சார்லி எப்டோ என்ற கேலிப் பத்திரிகையின் அலுவலகத்தில் புகுந்து சுட்டவர்கள், வெளியே நடைபாதையில் கிடந்த போலீஸ்காரர் ஒருவரையும் சுட்டுவிட்டுப் போனார்கள். அவர் முஸ்லிம். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் யூதர்களின் கடை ஒன்றுக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தபோது, வந்திருந்த வாடிக்கையாளர்களைக் கீழே குளிர்பதன அறைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கடை ஊழியர் மாலி நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்.

இந்தப் பக்கமும் கணக்கு அப்படித்தான் போகிறது. காந்தியைவிட ராம நாமம் சொன்ன ஓர் அரசியல்வாதி உண்டா? அவரைச் சுட்டவன் இந்து. லிங்காயத் குடும்பத்தில் பிறந்து, கன்னட வசன இலக்கியத்திலேயே வாழ்நாளைக் கழித்த அறிஞர் கலபுர்கியை 2015 ஆகஸ்டில் தார்வாடில் வீட்டு வாசலில் சுட்டார்கள். தபோல்கர், பன்சாரே, கௌரி லங்கேஷ் என்று சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் அந்த வரிசை நமக்குத் தெரியும். கௌரி லங்கேஷுக்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கோவைக் கொலைக்கு இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அதைத் தலைகீழாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். டெல்டா எப்போதும் அண்ணன் தம்பியாகவே இருந்தது என்று மேடையில் சொல்வார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. சீர்காழியில் பிறந்த சம்பந்தர், அநேகமாக ஒவ்வொரு பதிகத்திலும் பத்தாம் பாட்டைச் சமணரையும் பௌத்தரையும் சாடுவதற்கென்றே வைத்திருக்கிறார். மென்மையான சாடல் இல்லை, படித்துப் பார்த்தால் தெரியும். மதுரையில் சமணர்கள் கழுவேறியதைப் பெரிய புராணம் சொல்கிறது. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்துகொண்டு போய்த் திருவரங்கத்துக்குத் திருப்பணி செய்தார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. இதையெல்லாம் மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேசினால் அது நிற்காது.

ஆனால் அதே நாகப்பட்டினத்தில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். தஞ்சையில் அவ்வளவு பெரிய சிவன் கோயிலை எழுப்பிய ராஜராஜன்தான் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை எழுதி வைத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் படிக்கிறோமே, அது அந்தக் கொடையைத்தான் சொல்கிறது. ராஜராஜன் சைவன், தேவாரத்தைத் தஞ்சைக் கோயிலில் ஓத ஏற்பாடு செய்தவன், பத்தாம் பாட்டு அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இந்தக் கொடையும் கொடுத்திருக்கிறான். சைவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டுமென்றால் இதில் எதை எடுத்து எழுதுவது?

தரங்கம்பாடிக் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பொதுமைப்படுத்துவது எப்படி உடைகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் பக்கத்தில் இல்லை. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே கப்பலில் இருந்து இறங்கினார். வயது இருபத்துநான்கு. வந்த நோக்கம் மதமாற்றம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. இங்கே இருப்பவர்கள் ஒன்றும் தெரியாத காட்டுமிராண்டிகள் என்பதுதான் ஐரோப்பாவில் அவர் கேட்டு வளர்ந்த பேச்சு. வந்தவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார், ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், அப்புறம் ஒரு காரியம் செய்தார். இங்கிருந்த தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பினார். உங்கள் தெய்வம் எது, பாவம் என்றால் என்ன, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். பதில்கள் வந்தன, தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள், அவை ஜெர்மன் மொழியில் ஹாலே நகரத்தில் அச்சாகின. எழுதியவர்கள் பணிந்து எழுதவில்லை. எங்கள் நெறியில் என்ன குறை என்று திருப்பிக் கேட்டார்கள், இங்கே வந்திருக்கிற வெள்ளைக்காரர்களின் குடியையும் நடத்தையையும் சுட்டிக்காட்டி இதுதான் உங்கள் மார்க்கம் கற்றுக்கொடுத்ததா என்று கேட்டார்கள். (அதுவும் பொதுமைப்படுத்துவதுதான், நம் ஆட்கள் செய்தது என்பதற்காக விட்டுவிடக்கூடாது.) 1713-இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, ஊர்க்காவல் தெய்வங்கள் வரைக்கும், ஒரு பெரிய நூலை எழுதி முடித்து அனுப்பினார். ஹாலேயில் இருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் புத்தகம் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது, எழுதியவர் செத்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

அவர் கடைசிவரை மதபோதகராகவே இருந்தார், தன் நம்பிக்கையே உண்மை என்றே சொன்னார். தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி, அவரும் கிறிஸ்தவர்தான், சீகன்பால்கை நான்கு மாதம் கோட்டைக்குள் சிறையில் வைத்தார். மேலிடமும் கிறிஸ்தவம், தளபதியும் கிறிஸ்தவம், சிறைக்குள் இருந்தவரும் கிறிஸ்தவம். கிறிஸ்தவர்கள் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரி என்றும் இதை வைத்து எழுதலாம், ஆதரவு என்றும் எழுதலாம். எழுதினால் இரண்டுமே தப்பு.

பக்கத்திலேயே மாயவரம். அங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். எல்லா மதத்தாரும் பாடக்கூடிய மாதிரி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். அந்தப் பக்கம் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம், 1938-இலேயே நாவல் எழுதி வெளியிட்ட முஸ்லிம் பெண், உ.வே.சா. பாராட்டி எழுதினார். ஒரு பெண் தன் பெயரைப் போட்டு எழுதலாமா என்று முகம் சுளிக்கிற காலம் அது, எந்த மதத்திலும். அவர் மார்க்கத்தை விட்டுவிட்டு எழுதவில்லை, அதற்குள் இருந்துகொண்டேதான் எழுதினார். நம்பிக்கையாளர் என்றால் வாய் மூடியவர் என்று நினைக்கிற பகுத்தறிவு நண்பர்கள் இந்த அம்மாளைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

நாகூர் தர்காவுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். அங்கே உள்ள பெரிய மனோரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. கந்தூரித் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதி இந்துக்கள், குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டுக் குளத்தங்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கும் மேல் இறந்தபோது, அடக்கம் செய்ய இடமில்லாமல் தவித்த நேரத்தில், தர்கா தன் நிலத்தில் எல்லா மதத்துச் சடலங்களுக்கும் இடம் கொடுத்தது. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த தர்கா வழிபாடே இறைவனுக்கு இணைவைப்பது, மார்க்கத்துக்கு விரோதம் என்று மேடை போட்டுப் பேசுகிற தவ்ஹீத்காரர்கள் அதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்ல இவர்கள் ஒரு மேடை போடுவார்கள். அண்ணன் தர்கா, தம்பி தவ்ஹீத் என்று ஒரே வீட்டில் இரண்டு பேர், சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை, அம்மா நடுவில். இதில் எது தீவிரவாதம்? எதுவும் இல்லை. தர்காவுக்குப் போகாதே என்று சொல்கிறவன் தீவிரவாதி ஆகிவிட மாட்டான், கண்டிப்பான நம்பிக்கைக்காரன், அவ்வளவுதான். போகிறவனை அடித்தால் அப்போது ஆகிறான். இந்தக் கோட்டைச் சரியாகப் போடத் தெரியாமல், தாடி நீளத்தையும் புர்காவையும் வைத்து ஆளை எடைபோடுகிற பழக்கம் நம்மிடம் படித்தவர்களுக்கே இருக்கிறது. வேளாங்கண்ணி மாதாவைப் பெந்தெகொஸ்தே சபைக்காரர் சிலை வணக்கம் என்று சொல்வதும், வடகலை தென்கலை நாமச் சண்டை நீதிமன்றம் வரை போனதும் இதே வகைதான். ஒவ்வொரு மதமும் தனக்குள் சதா சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அந்தச் சண்டை வாயோடு நிற்கும்வரை அது நல்லது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சட்டமும் இதே தவற்றைச் செய்கிறது. 1920-களில் லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் ஒரு சிறு நூல் வந்தது. பதிப்பாளர் ராஜ்பால் மீது வழக்கு, 1927-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது, அன்றிருந்த சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று. ஊர் கொந்தளித்தது. அந்த வருடமே இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவைச் சேர்த்தார்கள்: ஒரு வகுப்பாரின் மத உணர்வுகளை வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு புண்படுத்தினால் சிறை. சட்டம் வந்ததால் ராஜ்பால் பிழைக்கவில்லை, 1929-இல் கடையிலேயே குத்திக் கொன்றார்கள். 1957-இல் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது, ஆனால் எல்லா அவமதிப்பும் இதில் வராது, திட்டமிட்ட, தீய நோக்கமுள்ள, மோசமான அவமதிப்பு மட்டுமே வரும் என்று எல்லை போட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

நீதிமன்றம் போட்ட எல்லை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தெரிவதில்லை. பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் கைதுக்கு அது தேவையில்லை. அதனால் எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் என் மனம் புண்பட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகும்போது இரண்டு வருடம் போயிருக்கும். யாருடைய மனம்? புகார் கொடுத்தவர் கோடிப் பேரின் மனதுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார், அரசும் அதை எழுதி வாங்கிக்கொள்கிறது. அந்தக் கோடிப் பேரில் படித்துவிட்டுச் சிரித்தவர், கண்டுகொள்ளாமல் போனவர், நியாயமாகத்தான் கேட்டிருக்கிறான் என்று நினைத்தவர் யாரும் கணக்கில் வருவதில்லை.

திருச்சி வழக்கு ஒன்றும் இதில் முக்கியம். 1953 மே மாதம் திருச்சியில் பெரியார் பொதுவெளியில் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர், புனிதப் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய 295-ஆம் பிரிவில் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள், உடைத்தது கோயில் விக்கிரகம் இல்லை, கடையில் வாங்கிய பொம்மை என்று தள்ளிவிட்டன. 1958-இல் உச்சநீதிமன்றம், அப்படிச் சுருக்கிப் பார்த்தது தவறு, ஒரு வகுப்பார் புனிதமாக நினைக்கிற எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தில் வரும் என்று கீழ் நீதிமன்றங்களைக் கடிந்துகொண்டது, ஆனால் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி விசாரணைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களில் பிள்ளையார் கோயிலுக்குப் போனவர்களும் போனார்கள், பெரியார் கூட்டத்துக்குப் போனவர்களும் போனார்கள், பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆட்கள். பெரியார் செய்தது எத்தனையோ பக்தர்களுக்கு நிஜமான வலி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வலியோடு அவர்கள் வழக்குப் போட்டார்கள், கட்டுரை எழுதினார்கள், எதிர்க் கூட்டம் போட்டார்கள்.

அதற்கு நேர்மாறாக நடந்தது, மாதொருபாகன் நாவலுக்காகப் பெருமாள்முருகனுக்கு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்ற உறுதியும் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், அப்படி எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லி அவரை எழுதச் சொன்னது. 1989-இலேயே உச்சநீதிமன்றம் ஒரு தமிழ்ப் பட வழக்கில், ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்குவது மிரட்டலுக்கு அடிபணிவது, கலவரத்தைத் தடுப்பது அரசின் வேலை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் 2013-இல் முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்த விஸ்வரூபம் படத்துக்கு நடந்தது என்ன? மாவட்டம் மாவட்டமாகத் தடை, அமைப்புத் தலைவர்கள் நாலு பேரோடு பேச்சுவார்த்தை, சில காட்சிகள் வெட்டு. படத்தைப் பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருந்த முஸ்லிம் இளைஞர்களை யார் கேட்டார்கள்?

2020 மார்ச்சில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். டெல்லியில் தப்லீக் என்ற முஸ்லிம் பிரச்சார அமைப்பின் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களுக்குக் கொரோனா என்று தினமும் தனிக்கணக்கு வந்ததும், டெல்லியை ஜென்மத்தில் பார்க்காத காய்கறி வண்டிக்காரரிடம் வாங்காதே என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. அந்த ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, இவர்களைப் பலிகடா ஆக்கியிருக்கிறார்கள் என்று எழுதியது. அந்தத் தீர்ப்பை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

தீவிரவாதத்தைப் பற்றி எழுதாதே, சிறுபான்மையினருக்கு அது கெடுதல் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் பேசாமல் இருந்தால் அந்த ஜமாத்துக்குள்ளேயே எதிர்த்துப் பேசுகிற பையன் தனியாக மாட்டிக்கொள்கிறான். பேர் சொல்லி, அமைப்பைச் சொல்லி, செய்ததைச் சொல்லி எழுதலாம். ஒரு வேதத்தில் ஒரு வரி மனிதருக்கு விரோதமாக இருந்தால் அதையும் கடுமையாகவே எழுதலாம். அந்த வரியைக் கொண்டுபோய்த் தையல்காரர் முன்னால் வைத்து, இதற்கு நீ பதில் சொல் என்பதுதான் கூடாது.

கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. முத்துப்பேட்டையில் விநாயகர் ஊர்வலம் என்றால் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் போலீஸ் இறங்குகிறது, அதற்கு முன்னால் சமாதானக் கூட்டம் கூடுகிறது. பக்கத்திலேயே ஜாம்புவானோடை தர்காவுக்கு இந்துக்கள் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் அமைப்பின் லெட்டர்பேடு வைத்திருப்பவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள், சத்தம் போட்டால் நாற்காலி கிடைக்கும் என்று அடுத்த ஆள் கற்றுக்கொள்கிறான். ஊர்வலம் போகிற தெருவில் கடை வைத்திருப்பவர், அந்தத் தெருவில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற பெண்கள், இரண்டு மதத்திலும் எந்த அமைப்பிலும் இல்லாதவர்கள், இவர்களையும் அடுத்த சதுர்த்திக்கு முன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள், அவர்கள் சொன்னதையும் மினிட் புத்தகத்தில் எழுதுங்கள்.